வெள்ளிக்கிழமை வந்த நார்வால்

போன மாதம் என்னைச் சமையலறைக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டிருந்தீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும் மடிப்புக் கலையாத வெள்ளை மேலங்கியோடு வரிசையாக நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உங்களில் ஒரு பிள்ளை, "அக்கா, இவ்வளவு வருசத்தில நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டாள். ஒருநாள் சோறு குழைந்துபோன கதையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். உண்மையில் அது பிழையே இல்லை. குழைந்த சோற்றில் பாலும் சீனியும் விட்டுப் பாயசமாக்கினோம், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வில்லரேயிலுள்ள என் வீட்டுக்கு மெட்ரோவில் திரும்பி வரும்போது என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. கேட்டவள் உண்மையாகத்தான் கேட்டாள். நான்தான் மழுப்பினேன். அதனால் இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் உடம்பில் களைப்புத் தீரவில்லை. முழங்கால் படி இறங்க விடுவதில்லை. ஆகவே நீட்டி முழக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வேலையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதை எத்தனை பாகை சூட்டில் வைக்க வேண்டும், எந்தப் பலகையில் எதை வெட்ட வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும். விடுதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வடக்கே, மரம் முளைக்காத பனி ஊர்களிலிருந்து இனுயிட் மக்கள் விமானத்தில் வந்து, மொன்றியல் ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கும்வரை தங்குகிற இடம் அது. சிலர் மூன்று நாள் இருப்பார்கள், சிலர் ஏழெட்டு மாதம். கூடவே ஒரு சொந்தக்காரர் துணைக்கு வருவார். அவர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுவது நாங்கள். பருத்தித்துறையிலும் பாஷையூரிலும் மீன் தின்று வளர்ந்தவர்கள்.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரு தலைமைச் சமையற்காரர் இருந்தார். ஹெயிட்டி நாட்டுக்காரர், பெரிய குரல், பெரிய வயிறு. முதல் மாதம் முழுவதும் என்னை அடுப்படிக்கே விடவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டுகள் திரும்பி வருகிற இடத்தில் நிறுத்திவிட்டார். ஊரில் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் சமைத்தவள் நான். எச்சில் தட்டு வழிக்க விட்டாரே என்று மனதுக்குள் திட்டினேன். மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, எந்த அறைக்காரர் எதைத் தொடுவதில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "சரி, நாளைக்கு அடுப்புக்கு வா" என்றார். இன்றைக்கும் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் எச்சில் தட்டுகளுக்குத்தான் போகும். என் மகளுக்கு அது பெரிய வெட்கம்.

பதினாலாம் அறைக்காரரின் தட்டை நான் கவனித்தது அந்தப் பழக்கத்தால்தான். அப்போது அந்த ஹெயிட்டிக்காரர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். சமையலறைக்குப் பொறுப்பு நான்.

பதினாலில் இருந்தவர் பெயர் லூக்காசி. ஐம்பது வயது தாண்டிய வேட்டைக்காரர். வயிற்றில் கட்டி. துணைக்கு அவருடைய மகள் ஆனி வந்திருந்தாள், முப்பது வயதிருக்கும். மார்ச் மாதத் தொடக்கம், வெளியே இன்னும் பனி குவிந்து கிடந்தது. நாலு நாளாக அவருடைய தட்டு போனபடியே திரும்பி வந்தது. முள்ளுக்கரண்டியைச் சுற்றிய கடதாசிகூடப் பிரிக்கப்படவில்லை. உருளைக்கிழங்கு மசியலில் ஒரு கீறல் இல்லை. சூப் வைத்துப் பார்த்தேன், மீனை ஆவியில் அவித்துப் பார்த்தேன், நோயாளிக்குக் கொடுக்கிற நம்முடைய பால்கஞ்சியும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்தன. ஐந்தாம் நாள் ஆனியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனியோடு நான் பேசியதெல்லாம் என் உடைந்த ஆங்கிலத்திலும் அரைகுறைப் பிரெஞ்சிலும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இரண்டு கிழமையில் அப்பாவை நிறுத்துப் பார்ப்பார்கள்" என்றாள். "இரண்டு கிலோவாவது கூடியிருக்க வேண்டும். இந்த உடம்போடு ஒப்பரேசன் செய்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

"செய்யாவிட்டால்?"

"செய்யாவிட்டால் கோடைக்கு அப்பா இருக்கமாட்டார்."

அதை அவள் பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னாள். அழுது களைத்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அப்படியென்றால் அவர் எதைச் சாப்பிடுவார் என்று கேட்டேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள்.

பனிக்கட்டி விளிம்பில் ஒரு திமிங்கிலம் கிடந்தது. சாம்பலும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்த உடம்பு. முகத்திலிருந்து ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு முறுக்குக் கோல் நீட்டிக்கொண்டிருந்தது. நார்வால் என்றாள். வெள்ளைத் திமிங்கிலத்தின் தோல் விடுதிக்கு அவ்வப்போது வருவதுண்டு, அந்தந்த நோயாளிகளே கீழ்த்தளத்து உறைபெட்டியில் வைத்து எடுத்துக்கொள்வார்கள், சமையலறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது அதைவிட அபூர்வம். லூக்காசி பிறந்தது இன்னும் வடக்கே, கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவில். கல்யாணம் செய்த பிறகுதான் கடலுக்கு இந்தப் பக்கத்துப் பனி ஊர் ஒன்றுக்கு வந்தவர். அவருடைய தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளிடம் போன கோடையில் பிடித்த நார்வாலின் தோலும் கொழுப்பும் கடைசியாக ஒரு துண்டு இருக்கிறதாம். விமானத்தில் போட்டுவிடுகிறாளாம்.

என்னோடு சமைத்த குணம் அண்ணை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். பாஷையூர்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், வாய் சும்மா இராது.

"உந்தக் கொம்பால குத்தித்தானே மீன் பிடிக்கும்?" என்றார்.

நான் ஆனியிடம் கேட்டுச் சொன்னேன். "கொம்பில்லையாம் அண்ணை. பல்லாம். மேல் சொண்டைத் துளைச்சுக்கொண்டு வெளியால வளருதாம்."

"பல்லெண்டா எப்பிடிக் கடிக்கிறது?"

"கடிக்கிறேல்லையாம். வாய்க்குள்ள வேற பல்லே இல்லையாம். மீனை உறிஞ்சி முழுசா விழுங்குமாம்."

"பாவம்" என்றார் குணம் அண்ணை. "இவ்வளவு பெரிய பல்லை வைச்சுக்கொண்டு பொக்கை வாய்."

ஆனிக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் சிரித்தாள். விடுதிக்கு வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. வடக்கேயிருந்து சரக்கு விமானம் அன்றைக்குத்தான் வரும். ஆனியும் தகப்பனும் வயிற்றை ஸ்கேன் படம் எடுப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். போகும்போது ஆனி என்னிடம், "பெட்டி வந்தால் கீழே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், மற்றதை நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பெட்டியைப் பார்த்தால் அட்டை நனைந்து ஊறியிருந்தது. வழியில் எங்கேயோ காத்துக் கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு பெரிய துண்டு, கறுப்பும் வெள்ளையுமான தோல், அடியில் இளஞ்சிவப்புப் பாய்ந்த வெள்ளைக் கொழுப்பு. கை வைத்துப் பார்த்தேன், மெத்தென்றிருந்தது. சூடு அளக்கும் கம்பியைக் குத்தினேன். இருக்க வேண்டிய அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

உருகியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது. சுவரில் எழுதியிருக்கிறது. ஒன்று, வீசவேண்டும். இல்லையென்றால் உடனே நன்றாக வேகவைக்க வேண்டும். ஒரு மனிதனின் உயிர் இந்தத் துண்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீச மனம் வரவில்லை. என் சமையலறையில் அதுவரை ஒருவருக்கும் சாப்பாட்டால் வயிற்றில் ஒன்றும் வந்ததில்லை. அந்தப் பெருமையும் இருந்தது. அப்போது என் மேசையில் தொலைபேசி இருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த கடதாசியில் ஆனியின் இலக்கமும் இருந்தது. நான் எடுக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு, கடலில் இருந்து வந்த ஒன்றைப் பற்றி யார் என்ன சொல்வது என்ற எண்ணம். இதைத்தான் நன்றாகக் கவனியுங்கள். எனக்குப் பதற்றம் வந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் கேட்காமல் விட்டேன்.

நம்முடைய வீட்டில் மீனை எப்படிக் கழுவுவோம்? நானும் அப்படித்தான் செய்தேன். துண்டு துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, மூன்று தண்ணீரில் அலசி, தேசிக்காய் பிழிந்து, இஞ்சி தட்டிப் போட்டு அவித்தேன். முழுவதையும். நோயாளிக்கு என்பதால் மிளகாய் சேர்க்கவில்லை. அதை ஒரு பெரிய விட்டுக்கொடுப்பாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். வெள்ளியில் நான் மச்சம் வாயில் வைப்பதில்லை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். இறைச்சி, மீன் எதையும் சமைப்பேன், ருசி மட்டும் பார்க்கமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்காக உப்புப் பார்க்கிற வேலை குணம் அண்ணையுடையது. கரண்டியை நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"தவக்காலம், தவமணி. வெள்ளியில நானும் இறைச்சி தொடமாட்டன்."

"இது கடல்ல இருந்து வந்ததுதானே அண்ணை? மீனெண்டு நினைச்சு ஒருக்காப் பாருங்கோ."

"குட்டிக்குப் பால் குடுக்கிற சாதி. கடல்ல நீந்தினாப்போல மீனோ? இறைச்சிதான்."

பெரிய பட்டிமன்றமே நடந்தது. முடிவில் இருவரும் வாயில் வைக்கவில்லை. மணமும் நிறமும் பார்த்துச் சரி என்று இறக்கினோம். ஒரு சைவக்காரியும் ஒரு வேதக்காரரும் பக்தியாக நின்று, ஒரு மனிதனின் சாப்பாட்டை ருசி பார்க்காமல் அனுப்பினோம்.

அவர்கள் திரும்பி வந்ததும் நானே தட்டை எடுத்துக்கொண்டு பதினாலாம் அறைக்குப் போனேன். தோல் சுருண்டு, ரப்பர்போல் இறுகி, மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. அழகாகக் கொத்தமல்லி வேறு தூவியிருந்தேன். ஆனி ஆஸ்பத்திரிக் கடதாசிகளைக் கீழே கொடுக்கப் போயிருந்தாள். லூக்காசி கட்டிலில் சாய்ந்திருந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்று, சாப்பிடுங்கள் என்று கையால் காட்டினேன். ஒரு துண்டை எடுத்தார். நெடுநேரம் மென்றார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதையும் சாப்பிட்டார். பிறகு தலையை அசைத்து அவர்கள் மொழியில் நன்றி சொன்னார். ஒன்பது நாளாக ஒன்றும் சாப்பிடாத மனிதன் என் கையால் மூன்று துண்டு சாப்பிட்டார் என்று தலைகால் தெரியாத சந்தோஷத்தில் கீழே இறங்கினேன்.

பத்து நிமிடத்தில் ஆனி சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"மிச்சம் எங்கே?"

"இதோ, இந்தச் சட்டியில்" என்று மூடியைத் திறந்து காட்டினேன்.

"அவிக்காதது எங்கே?"

அப்படி ஒன்று இல்லை என்றேன். அவள் அப்படியே வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதைப் பச்சையாகத்தான் சாப்பிடுவோம் என்று மெல்லச் சொன்னாள். எலுமிச்சையும் தோடம்பழமும் விளையாத ஊரில் அவர்கள் உடம்புக்கு வேண்டிய சத்து அந்தப் பச்சைத் தோலில்தான் இருந்ததாம். அவித்தால் அதில் பெரும்பகுதி போய்விடுமாம். நான் அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்து அவித்திருந்தேன்! தங்கையிடம் இருந்த கடைசித் துண்டு அது. அடுத்தது கோடையில் கடல் திறந்த பிறகுதான்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷி, கியூபெக்காரி, எதையும் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார். புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ செய்தது விதிப்படி சரி" என்றார். என் வேலைக் காலத்தில் அவ்வளவு கேவலமான பாராட்டு எனக்கு வேறு கிடைத்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

அதற்குப் பிறகு லூக்காசி தேநீரையும் நிறுத்திவிட்டார். தட்டுகள் வருவதும் போவதுமாக இருந்தன. நிறுக்கிற நாள் அடுத்த திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை. அந்தக் கிழமை நான் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்தேன், இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன், குணம் அண்ணையோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். பிழை விட்டவர் வேலையில் கவனமாக இருப்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழை விட்டவர் களைத்துப்போவார், களைத்தவர் இன்னொரு பிழை விடுவார்.

செவ்வாய்க்கிழமை ஆனி வந்து சொன்னாள்: அத்தை ஊர் வானொலியில் அறிவிக்கச் சொல்லியிருக்கிறாள், தெற்கே ஆஸ்பத்திரியில் லூக்காசி சாப்பிடாமல் கிடக்கிறார், யாரிடமாவது நார்வால் இருக்கிறதா என்று. யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தன் உறைபெட்டியில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அது வெள்ளிக்கிழமை வருகிறது.

அந்தப் பெட்டியும் நனைந்துதான் வந்தது. வானிலை சரியில்லாமல் விமானம் வழியில் பல மணி நேரம் நின்று வந்திருந்தது. அளந்து பார்த்தேன், போன தடவையைவிட மோசமில்லை, நல்லதும் இல்லை. போன தடவையின் பாதிகூட இல்லாத சின்னத் துண்டு. வீசினால் அவர் கதை முடிந்தது. அவித்தாலும் முடிந்தது. பச்சையாகக் கொடுத்து, ஒப்பரேசனுக்கு முன் வயிற்றில் ஏதாவது வந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. மூக்கருகே கொண்டுபோய் மணந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருடமாக நான் நம்பிய மூக்கு அன்றைக்கு என்னைக் கைவிட்டது.

"அண்ணை, என்ன செய்ய?" என்றேன்.

"எனக்கெண்டா தெரியாது" என்றார். "தெரிஞ்ச மனுசன் மேல படுத்திருக்கு. அந்தாளிட்டக் கேளன்."

இருபது வருடம் அங்கே சமைத்திருக்கிறேன். ஒரு நோயாளியிடம் போய் இது நல்லதா கெட்டதா என்று நான் கேட்டதே கிடையாது. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வழியில் மேலாளர் நின்றார். பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இது சமையலறைச் சாப்பாடு இல்லை. அவருடைய வீட்டிலிருந்து வந்த அவருடைய சாப்பாடு. நான் மூன்று மணிவரை கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கப் போகிறேன்" என்றார். அன்றிலிருந்து அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போயிற்று.

லூக்காசி எழுந்து உட்கார்ந்தார். துண்டைக் கையில் வாங்கித் திருப்பினார். பெருவிரலால் கொழுப்பை அழுத்தினார். ஓரத்தில் ஒரு சீவல் வெட்டச் சொல்லி, அதை முகத்துக்கு மிக அருகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். ஓரமாக ஒரு பகுதியைக் காட்டி, இதை எறியுங்கள் என்றார். மற்றதைத் தட்டிக்கொடுத்தார். நல்லது என்று அர்த்தம். அவ்வளவு நேரமும் என் முதுகில் இருந்த பாரத்தை அவர் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

ஒரு தட்டை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, ஆனியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தார். மாடிப் பொதுக்கூடத்துக்குப் போனார். அங்கே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார்கள். துண்டை அதன்மேல் வைத்தார்கள். எப்படித்தான் செய்தி போனதோ, மற்ற அறைகளில் இருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஊன்றுகோலோடு ஒருவர், சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒரு தாய். அரைவட்டக் கத்தி ஒன்று யாருடைய பையிலிருந்தோ வந்தது. தொட்டுக்கொள்ள நான் சோயா சோஸ் போத்தலை எடுத்து வந்து வைத்தேன். தரையில் பத்துப் பன்னிரண்டு பேர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனியை ஒரு பக்கமாக இழுத்தேன்.

"உனக்கு என்ன பைத்தியமா? இருக்கிறதே இவ்வளவுதான். திங்கட்கிழமை நிறுக்கப் போகிறார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்?"

"அவர் இதை வாழ்நாளில் தனியாகச் சாப்பிட்டதில்லை" என்றாள் ஆனி. "தனியாக ஒரு அறையில் வைத்துத் தின்னச் சொன்னால், பசியே வராது."

இத்தனை நாளும் நான் அவருக்குத் தட்டை அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கீழே வந்து சாப்பிட அவருக்குச் சிரமமாக இருக்கும் என்று, அன்பாக.

லூக்காசி கொழுப்பு வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டினார். எல்லோரும் எடுத்தார்கள். அறை முழுவதும் சத்தம், சிரிப்பு. அவர் மட்டும் எடுக்கவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாருக்காக என்று பார்த்தேன். ஆனி என் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்."

வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் ஒரு துண்டை விரல் நுனியில் நீட்டிக்கொண்டிருந்தார். கை எலும்பாக மெலிந்திருந்தது. இந்தக் கைக்குச் சாப்பாடு இறங்கவேண்டும் என்றுதானே நான் இரண்டு கிழமையாக நித்திரை இல்லாமல் திரிகிறேன்? முருகா, என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வாங்கி வாயில் போட்டேன்.

முதலில் தோல் இளந்தேங்காய்போல் நறுக்கென்றது. பிறகு கொழுப்புக் கரைந்தது. கச்சான் கடலை மணம்போல் ஒரு மணம், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கடல். அவ்வளவு சுத்தமான ஒரு ருசியை நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஐயோ, இதையே நான் அவிச்சனான்?" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த குணம் அண்ணை, "விடு தவமணி, எனக்கும் ஒண்டு தரச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை கோயில்ல சுவாமியிட்டப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் ஏன் அழுகிறேன் என்று லூக்காசி மகளிடம் கேட்டார். "அன்றைக்கு நான் எதைக் கெடுத்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அவரிடம் சொல்" என்றேன். அவள் சொன்னாள். அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"என்ன சொல்கிறார்?"

ஆனி தகப்பனை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அன்றைக்கு அது வாயில் வைக்கமுடியாமல்தான் இருந்ததாம். நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தீர்களாம். அதனால்தான் சாப்பிட்டாராம்."

இவ்வளவு காலமும் நோயாளிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்திருந்தேன். சாகக் கிடந்த ஒரு மனிதன், என் முகம் வாடக்கூடாது என்பதற்காக ரப்பரை மென்று விழுங்கியிருக்கிறார்.

பிறகு அவர் தனக்கு ஒரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. எட்டுத் துண்டு சாப்பிட்டார். அன்று மாலை தேநீர் கேட்டார். சனிக்கிழமை அவருக்குத் தட்டு அனுப்பவில்லை. பொதுக்கூடத்தில் நாலு பேரோடு உட்காரவைத்துப் பரிமாறினோம். கஞ்சி பாதி இறங்கியது. ஞாயிறு, மீனும் உருளைக்கிழங்கும் முழுவதும் போயின. காலித் தட்டைக் குணம் அண்ணை உயர்த்திப் பிடித்து எனக்குக் காட்டினார்.

திங்கட்கிழமை இரண்டு கிலோ கூடியிருக்கவில்லை. ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் கூடியிருந்தது. டாக்டர் இரண்டாம் தரமும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிடத் தொடங்கிவிட்டாரா என்று ஆனியிடம் கேட்டாராம். தொடங்கிவிட்டார் என்றதும், சரி, புதன்கிழமை செய்வோம் என்றாராம்.

புதன்கிழமை சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து பதினாலாம் அறை நீங்கியது. சமையலறைக்கு யாரும் எதையும் சொல்வதில்லை, உங்களுக்கும் இனித் தெரியவரும். ஆனி தகப்பனோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய இலக்கம் என் மேசையில் இருந்தது. இந்த முறை பயத்தினால் எடுக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் பட்டியல் வந்ததும் நானும் குணம் அண்ணையும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதைப் பார்ப்போம். பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து. பதினொரு நாள் அப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். குணம் அண்ணை பட்டியலோடு வந்து நின்றார்.

"தவமணி, ஆறு தரமாம்."

"என்ன ஆறு தரம்?"

"கஞ்சி. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஆறு தரம் குடுக்கட்டாம்." கடதாசியை என் பக்கம் திருப்பினார். "பதினாலுக்கு."

பதினாலுக்கு நேரே லூக்காசியின் பெயர் இருந்தது. முட்டைக் கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, அரிசி களையப் போனேன்.